எந்தக் கரைக்குப் போவது?

கரீபியன் கடலில் உள்ள அங்குவிலா தீவு 26 கிலோமீட்டர் நீளம்தான். அதற்குள் 33 கடற்கரைகள், எல்லாமே பொதுவானவை. ஆடம்பர விடுதிக்கு முன்னால் உள்ள மணலில்கூட யார் வேண்டுமானாலும் துண்டு விரித்து உட்காரலாம். இந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான்.

சரி, நான்கு நாளில் எதைப் பார்ப்பது? முதலில் ஷோல் பே ஈஸ்ட். மாவு போன்ற வெள்ளை மணல். பவளப்பாறை கரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நீந்தினாலே வண்ண மீன்கள். அங்கேயே இரண்டு நாள் போய்விட்டது!

அம்மாவுக்கு அலை என்றால் பயம். அவருக்காகத் தெற்கே ரான்டவூ பே. எதிரே பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினின் மலைகளைப் பார்த்தபடி இடுப்பளவு நீரில் வெகுநேரம் நின்றார்.

லிட்டில் பேவுக்கு க்ரோகஸ் பேயிலிருந்து படகு. பாறையில் கயிறு பிடித்து இறங்குபவர்களும் உண்டு. கிழக்கு முனையில் கேப்டன்ஸ் பே அலை வேகமானது, கரையோடு நின்றுவிட்டோம்.