கார்ட் எடுக்குமுன் சம்பளத் திகதியைப் பாருங்கள்

மலையகத்தின் பல தேயிலைத் தோட்டங்களில் சம்பள நாள் 10ஆம் திகதி. கிரெடிட் கார்ட் எடுக்க நினைக்கிற வீடு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பொயின்ட்ஸ், ஹோட்டல் விலைக்கழிவு எல்லாம் அதற்குப் பிறகு.

பில் போடும் திகதியிலிருந்து ஏறக்குறைய 20 நாளில் காசு கட்டவேண்டும். 15ஆம் திகதி பில் விழுந்தால் கடைசி நாள் அடுத்த மாதம் 5ஐ ஒட்டி வரும். கையில் காசு வர இன்னும் ஐந்து நாள் இருக்கும். மாதா மாதம் தாமதக் கட்டணம் கட்டுகிற பலருக்கு நடப்பது இதுதான், ஊதாரித்தனம் அல்ல. விண்ணப்பம் கொடுக்கும்போதே “பில் திகதியை 25க்கு வைக்கலாமா?” என்று கேளுங்கள். கடைசி நாள் 15ஐ ஒட்டி வந்துவிடும். முடியாது என்கிற வங்கியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வட்டி எப்படி ஏறுகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மார்ச் 26இல் 60,000 ரூபாவுக்கு ஒரு சாமான் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 25 பில், மே 15 கடைசி நாள். அன்றைக்கு 55,000 கட்டி, 5,000 மிச்சம் வைக்கிறீர்கள். வட்டி அந்த 5,000க்கு மட்டும்தான் என்றுதானே நினைப்போம்? முழுத்தொகையும் கட்டப்படாவிட்டால், வாங்கிய நாளிலிருந்தே மொத்தத்துக்கும் வட்டி போடுவதுதான் வழக்கம். ஆண்டுக்கு 26% என்று வைத்தால், 60,000க்கு 50 நாள் வட்டி சுமார் 2,137 ரூபா. 5,000க்கு மட்டும் என்றால் 178 ரூபாதான். பில்லில் தெரிகிற ‘குறைந்தபட்சத் தொகை’ தாமதக் கட்டணத்திலிருந்து மட்டுமே காப்பாற்றும், வட்டியிலிருந்து அல்ல. முழுவதையும் கட்ட முடியாத மாதங்கள் அடிக்கடி வரும் என்று தெரிந்தால், கழிவைப் பார்க்காமல் வட்டி வீதம் குறைந்த கார்டைத் தேடுங்கள்.

தீபாவளி நேரம் ஏடிஎம்மில் கார்டைப் போட்டுக் காசு எடுக்கவே வேண்டாம். எடுத்த உடனே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி; வட்டியில்லா நாட்கள் இதற்குக் கிடையாது.

‘0% தவணை’யும் எப்போதும் 0 இல்லை. 1,20,000 ரூபா பிரிட்ஜை 12 மாதத்துக்கு 10,000 படி தருகிற கடையில், கைக்காசுக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 1,12,000 என்றால் அந்த 8,000தான் வட்டி. ஆண்டுக்குச் சுமார் 13% வரும். கூடவே சில வங்கிகள் கையாளும் கட்டணமும் எடுக்கும். மொத்தத் தொகையும் உங்கள் லிமிட்டிலிருந்து முதல் நாளே பிடிபடும்.

கழிவுகளை உங்கள் ஊரை வைத்துப் பார்க்கவேண்டும். கொழும்பு ரெஸ்டோரன்டில் 30% கழிவு அட்டன்காரருக்கு எதற்கு? டவுனில் நீங்கள் போகிற ஃபுட் சிட்டி, பெற்றோல் நிரப்பும் இடம், பிள்ளையின் பாமசி, இந்த மூன்றில் உதவுகிற கார்ட் போதும். “கார்ட் என்றால் 3% கூட” என்கிற கடைகளும் உண்டு. அப்படி அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. பற்றுச்சீட்டுடன் உங்கள் கார்ட் வங்கிக்கு முறைப்பாடு செய்யலாம்.

விண்ணப்பத்தில் நம்மவர் சிக்கிக்கொள்வது முகவரியில். லயத்து வீட்டுக்குத் தனிக் கரண்ட் பில் இல்லாவிட்டால், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் இட்டுக் கொடுத்தால் ஏற்பார்களா என்று முதலே கேளுங்கள். ஸ்டேட்மன்டைத் தபாலில் கேட்காதீர்கள். தோட்ட ஒபிஸ் வழியாக வந்து சேர்வதற்குள் கடைசி நாள் போய்விடும். ஈமெயிலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் போடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர், நிலையான வைப்பை ஈடு வைத்துக் கார்ட் எடுக்கலாம். மச்சானின் த்ரீவீல் லீசிங்குக்குப் பிணை நின்றிருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். அவர் தவணை தவறினால், யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று வங்கிகளுக்குக் காட்டும் கிரிப் அறிக்கையில் உங்கள் பெயரும் அடிபடலாம்.

வேண்டாம் என்றால் கார்டை வெட்டிப் போட்டால் மட்டும் கணக்கு மூடாது, ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். மிச்சத்தைக் கட்டி, எழுத்தில் மூடச் சொல்லி, மூடியதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள்.