தீசிஸ் ஜூரி: ஐஸுக்கு அடியிலிருந்து படியுங்கள்

நேற்று ரிசல்ட் வந்தது. பி.ஆர்க் (கட்டடக்கலைப் படிப்பு) தீசிஸ், இரண்டாவது தடவையில் பாஸ். மனசு இன்னும் படபடவென்றுதான் இருக்கிறது.

என் தலைப்பு பனி விளையாட்டு அரங்கம். முதல் தடவை என் நேரம் முழுக்கக் கூரைக்கே போனது. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்குக்காக நார்வேயின் ஹாமரில் கட்டிய அரங்கம், கவிழ்த்துப் போட்ட வைக்கிங் கப்பல் மாதிரி இருக்கும். அதில் மயங்கிக் கிடந்தேன். ஜூரியில் (மதிப்பிடும் குழுவில்) ஒருவர் என் கூரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. செக்‌ஷனில் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம்) ஐஸுக்குக் கீழே பென்சிலை வைத்து, "இங்க மண்ணு என்ன ஆகும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதோடு சரி.

கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பியதும் மாமா வேலை செய்யும் ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாகத் தகர டின்கள். உப்புத் தண்ணீர் உறையாமல் டின்னுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரை உறைய வைக்கிறது. பக்கத்து மீன் அறை மைனஸ் 18 டிகிரி. மாமா அதன் தரையைக் காலால் தட்டிக் காட்டினார்: "அடியில குழாய் போட்டு வெளிக்காத்த ஓட விட்டிருக்கு கண்ணு. இல்லீனா மண்ணுல இருக்கற ஈரம் உறைஞ்சு தரையவே தூக்கீரும்."

ஜூரி கேட்டதற்குப் பதில் அதுதான். ஸ்கேட்டிங் தளமும் மாதக்கணக்கில் குளிர்ந்தே கிடக்கும். அடிமண் உறைந்து வீங்கினால் கான்கிரீட் விரிசல் விடும்.

இதே தலைப்பை எடுப்பவர்கள் தளத்தின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பத்துத் தடவை வரையுங்கள்:
- சூடேற்றும் குழாய் பதித்த மணல்
- வெப்பத்தடுப்புப் பலகை
- குளிர்க்குழாய் ஓடும் கான்கிரீட்
- ஐஸ், சுமார் 3 செ.மீ.தான்

ஐஸ் தளத்தின் அளவு 60க்கு 30 மீட்டர். கூரை மேல் விழும் பனிச்சுமைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை, பாகம் 4. மாடல் அழகுக்கு ராத்தூக்கம் கெடுக்காதீர்கள்.

கூரையைக் கேட்டால் ஹாமரோடு ஜெர்மனியின் பாட் ரைக்கன்ஹால் ஐஸ் அரங்கையும் சொல்லுங்கள். 2006 ஜனவரி 2, பனி கனத்துக் கிடந்த கூரை சரிந்து 15 பேர் இறந்தார்கள். மர உத்திரங்களை ஒட்டிய பசை ஈரத்தில் வலுவிழந்திருந்தது. ஐஸ் அரங்கில் கூரையின் அடிப்பக்கம் குளிர்ந்து வேர்க்கும். நம்ம பக்கத்துக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே அடிமண்ணை வரைந்து காட்டினேன். "சூடேத்தக் கரண்ட் செலவாகுமே?" என்றார்கள். குளிரூட்டும் கம்ப்ரசர் வெளியே தள்ளும் சூட்டையே அந்தக் குழாய்க்குத் திருப்பியிருந்தேன். அந்தக் கோட்டை மட்டும் சிவப்பு மையில் போட்டிருந்தேன்.