இம்பிளான்ட்டுக்குப் புற ஊதாக் கதிர்: எஸ்டிமேட்டில் இருந்தது, அறையில் இல்லை

கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் எடுத்த இடத்தில் இம்பிளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ, வைப்பதற்கு மதுரையில் ஒரு பல் மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட்டில், ஸ்க்ரூவுக்கும் அதன் மேல் மாட்டும் கேப்புக்கும் போக, ‘புற ஊதாக் கதிர் சிகிச்சை’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் சிக்கலின்றி முடிந்தன. தொல்லை எல்லாம் இந்த ஒரு வரியால்தான் வந்தது.

தொகையை நான் மறுக்கவில்லை. டைட்டானியம் தயாரான நாள் முதல் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் அதன் மேல் சிறிது சிறிதாகப் படிகின்றன. படியப் படிய அது நீர் ஒட்டாத பரப்பாக மாறி, எலும்புச் செல்கள் பற்றுவதும் குறைகிறது. பொருத்துவதற்குச் சற்று முன் புற ஊதாக் கதிரில் வைத்தெடுத்தால் அந்தப் படிவு நீங்கி, மேற்பரப்பு மீண்டும் நீரை ஈர்க்கும். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தகாஹிரோ ஒகாவாவின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பும் டைட்டானியமும் தொட்டுக்கொள்ளும் பரப்பு 55 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 98 சதவீதமாக உயர்ந்தது. அது எலியில் கிடைத்த கணக்கு; மனிதத் தாடைக்கு அப்படியே போட முடியாது. ஆனாலும் எனக்குச் சர்க்கரை உண்டு என்பதால், புண் சற்று விரைந்து ஆறினாலும் இலாபம் என்று ஒப்புக்கொண்டேன்.

குறித்த நாளில் கீழக்கரையிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, சொல்லியிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் மானாமதுரை தாண்டியதும் விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்த பிறகுதான், மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்பது வரவேற்பறைப் பெண்ணின் பேச்சில் தற்செயலாக வெளிவந்தது. முந்தின நாளே ஒரு போன் செய்திருக்கலாம். அதைவிட எரிச்சலூட்டியது அவர் சொன்ன சமாதானம்: “பரவாயில்லை சார், எல்லாத்தையும் யூவி பாக்ஸிலதானே வெச்சிருக்கோம்.” அவர் காட்டியது, சுத்தம் செய்த கருவிகளை அடுக்கி வைக்கும் நீல விளக்குப் பெட்டி. இம்பிளான்ட் அதற்குள் உறை பிரிக்காத பிளாஸ்டிக் குப்பியோடு கிடந்தது. கிருமி கொல்லும் அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியையும் பெரும்பாலான பிளாஸ்டிக்கையும் ஊடுருவாது. குப்பிக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மருத்துவரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன். அவர் மழுப்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்: கதிர் இல்லாமல் இன்றே வைத்துத் தொகையைக் கழிக்கலாம், அல்லது மெஷின் வரும்வரை பொறுக்கலாம் என்றார். பொறுத்தேன். அடுத்த முறை குப்பியை என் கண்முன்னே பிரித்து, கால் மணி நேரம் மெஷினில் வைத்து, எடுத்த கையோடு பொருத்தினார்கள். ஸ்க்ரூவின் நுனி குழியிலிருந்த இரத்தத்தைத் தொட்டதும் இரத்தம் மரை மரையாகத் தானே மேலேறியதைப் பிறகு வீடியோவில் காட்டினார். கொடுத்த காசு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தையல் பிரிக்க மறுபடி மதுரைக்கு அலையாமல், ஒரு கடிதம் வாங்கிவந்து இராமநாதபுரத்திலேயே முடித்துக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இம்பிளான்ட்டின் நிறுவனம், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேட்டதற்கு, “அது ஃபைலிலேயே இருக்கும் சார்” என்றார்கள். விடாதீர்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். பல ஆண்டுகள் கழித்துத் துபாயில் கேப் தளர்ந்தால், எந்த நிறுவனத்தின் திருப்புளி பொருந்தும் என்பதை அங்குள்ள மருத்துவருக்கு அந்தச் சிறு காகிதம்தான் சொல்லும். வற்புறுத்தியே வாங்கினேன்.

கதிர் கொடுத்தும், எலும்பு ஸ்க்ரூவைப் பற்றிக்கொள்ள வழக்கமாகக் காத்திருக்கும் மூன்று மாதத்தை மருத்துவர் குறைக்கவில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். பிறகு உறுதியை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தபோது, 100-க்கான ஐஎஸ்க்யூ அளவுகோலில் எண் 70-ஐத் தாண்டியிருந்தது. கதிரால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் வாயில் ஒப்பிட இன்னொரு இம்பிளான்ட் இல்லை, சர்க்கரையையும் அந்த மாதங்களில் கறாராகக் கட்டுக்குள் வைத்திருந்தேன். பொருத்திய அன்றே எடுத்த எண் இருந்தால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். கேட்டால், எடுத்தோம், எழுதி வைக்கவில்லை என்கிறார்கள். உங்களுக்கு அளக்கும்போது அந்த எண்ணை மேசையை விட்டு எழுவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள்.