சிக்னலுக்கும் ஒரு குப்பனூர் வழி

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் பேச்சு இப்படி ஆரம்பித்தது. "போலீஸ், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸுக்கெல்லாம் அரசாங்கமே தனியா ஒரு நெட்வொர்க் போட்டா என்ன மாப்ளே?"

அவர் கோபம் நியாயம்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது அவர் வீட்டில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

என் கணக்கு வேறு. கேபிள் அரசிடம் இருக்கட்டும். கேரளா 2023-இல் கேஃபோன் என்ற தன் சொந்த இணையக் கேபிள் வலையைத் தொடங்கியது. இங்கே தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகிறது. ஆனால் டவர், ரேடியோ என்று எல்லாவற்றையும் அரசே கட்டி நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அமெரிக்காவே போலீஸ், தீயணைப்பு போன்ற அவசர சேவைகளுக்கான ஃபர்ஸ்ட்நெட் நெட்வொர்க்குக்கு அலைக்கற்றையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கட்டி நடத்தும் வேலையை 2017-இல் ஏடி அண்ட் டி என்ற தனியார் தொலைபேசி நிறுவனத்திடம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டது. தனியாரிடம் விட்டால் மட்டும் எல்லாம் சுலபமா என்றால், அதுவும் இல்லை. அவசர சேவைகளின் பழைய ரேடியோவை 2019 கடைசியில் மூடிவிட்டு 4ஜிக்கு மாறுவதாக இருந்த பிரிட்டன் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம், யாருடைய கேபிளாக இருந்தாலும் ஒரே பாதையில் போனால் ஒரே சரிவில் அறுந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் அடைத்துக்கொண்டால் நமக்கு மாற்றுப் பாதையாகக் குப்பனூர் வழி இருக்கிறதே, அதுபோலக் கேபிளுக்கும் ஒன்று வேண்டும். டவருக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் வேண்டும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, மழையில டீசல் யார் தூக்கிட்டு வருவா?" என்றார்.