எங்க போறதுங்கறத விடுங்க, எப்ப போறீங்க?

போன வாரம் தங்கச்சி போன் பண்ணா. "அண்ணே, பசங்களுக்கு மே மாசம் லீவு, பத்து நாள் எங்கயாச்சும் போலாம்னு இருக்கோம், ஜோக் ஃபால்ஸ், ஹம்பி, அப்படியே மேல அஜந்தா எல்லோரா, முடிஞ்சா ஜெய்சல்மேர், லிஸ்ட்டு எப்படிண்ணே?"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டா. லிஸ்ட்ல ஒரு குறையும் இல்ல. எல்லாமே பாத்தே ஆகவேண்டிய இடம்தான். ஆனா மே மாசம்னு சொன்னா பாருங்க, அங்கதான் எனக்கு வயித்த கலக்குச்சு.

ஏன்னா அந்த லிஸ்ட்டோட முதல் இடத்துலயே நான் அடிபட்டவன். கல்யாணமான புதுசு, ஏப்ரல் கடைசி, நைட்டு பூரா பஸ், காலையில ஷிமோகா, அங்கேருந்து சாகர், அங்கேருந்து இன்னொரு பஸ்ஸுன்னு ஜோக் போய் இறங்கினோம். மனசுல இருந்ததெல்லாம் காலண்டர்ல பாத்த படம். 253 மீட்டர் உயரத்துலேர்ந்து ஷராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட்னு நாலா பிரிஞ்சு கொட்டும், சாரல் மூஞ்சில அடிக்கும்னு வீட்டம்மாகிட்ட வழி நெடுக பில்டப் வேற குடுத்து வெச்சிருந்தேன். வியூ பாயிண்ட்ல போய் நின்னா எதிர்ல கருப்பா ஒரு பாறை. அவ்ளோதான். தண்ணி விழுந்த தடம் மட்டும் பாறையில கறையா இருக்கு, ஒரு ஓரத்துல மட்டும் குழாய சரியா மூடாத மாதிரி ஒரு நூல் இறங்குது. மேல லிங்கனமக்கி அணை 1964லேர்ந்து இருக்கு, தண்ணி கரண்ட்டு எடுக்கப் போயிடும், நல்லா மழை பெஞ்சு ஆறு பெருகினாத்தான் அருவிக்கு அந்த பழைய சீறல் வரும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. பக்கத்துல டீ வித்துட்டிருந்தவரு எங்க மூஞ்சியப் பாத்துட்டு "மளெகாலதல்லி பன்னி சார்"ன்னாரு. கன்னடத்துல பன்னின்னா வாங்கன்னு அர்த்தம், மழைக்காலத்துல வாங்கன்னு சொல்றாருன்னு நான் விளக்குறதுக்குள்ள, அவரு சொன்னது கரெக்ட்டுதான், உங்களத்தான் சொன்னாருன்னு வீட்டம்மா நடையக் கட்டிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த கிறுக்கு பிடிச்சுது. எங்க போறதுன்னு லிஸ்ட்டு போடறத விட்டுட்டு, எந்த மாசம் எங்கன்னு காலண்டர்ல குறிச்சு வெக்க ஆரம்பிச்சேன். தெக்கேர்ந்து வடக்க 3,214 கிலோமீட்டர், கிழக்கேர்ந்து மேற்க 2,933 கிலோமீட்டர் இருக்கற நாடு இது. ஒரே கடிகாரத்த வெச்சு ஓட்டுறோம், அதனால டிசம்பர்ல அருணாச்சல்ல நாலரைக்கெல்லாம் இருட்டிருது, அதே நேரத்துல குஜராத் பக்கம் வெயில் இன்னும் காஞ்சிட்டிருக்கும். இதுல நமக்குன்னு ஒரு தனி சிக்கல் வேற. நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகை. நாட்டுல முக்கால்வாசி ஊருக்கு மழை ஆனி ஆடி ஆவணில முடிஞ்சிரும், நம்ம வீட்டு வாசல்ல தண்ணி தேங்கி நிக்கற நவம்பர்ல அங்கெல்லாம் வானம் தொடச்சு விட்ட மாதிரி இருக்கும். இது புரியாம நம்ம ஊர் வானத்தப் பாத்து டூர் பிளான் போட்டா மாட்டுவோம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு அனுபவம் மேகாலயால. சோஹ்ரா, நம்ம புஸ்தகத்துல சிரபுஞ்சின்னு படிச்சமே அதே ஊருதான். அதுவும் பக்கத்துல இருக்கற மாசின்ராமும் வருசத்துக்கு சுமாரா 11,000 மில்லிமீட்டருக்கு மேல மழை வாங்கற ஊருங்க. நான் போனது ஜனவரில, ரெயின்கோட்டு, குடை, பிளாஸ்டிக் கவருன்னு அத்தனையும் தூக்கிட்டு போயிருக்கேன். தங்கின எடத்துல அந்த அக்கா முதல்ல சொன்னதே, பக்கெட் தண்ணிய பாத்து செலவு பண்ணுங்கன்னுதான். மழைல பெரும்பகுதி ஜூன்லேர்ந்து செப்டம்பருக்குள்ள கொட்டித் தீத்துட்டு, அத்தனையும் மலை சரிவுல இறங்கி கீழ பங்களாதேஷ் சமவெளிக்கு ஓடிருது, குளிர்காலத்துல ஊர்க்காரங்க தண்ணிக்கு அலையறாங்க. நோகலிகாய் அருவி 340 மீட்டர், அதுவும் அன்னிக்கு ஒல்லியாத்தான் இருந்துச்சு.

ஆனா அதே ஜனவரில அங்கேருந்து ரெண்டு மூணு மணி நேரத்துல இருக்கற டாவ்கி போனா ஆள் அசந்துட்டேன். உம்ங்கோட் ஆறு. படகுக்கு அடில கூழாங்கல்லு ஒவ்வொண்ணா எண்ணலாம், படகோட நிழல் தண்ணில விழாம கீழ ஆத்துத் தரையில விழுது, அதப் பாத்தா படகு காத்துல தொங்கற மாதிரியே இருக்கு. மழைக்காலத்துல வந்தா அது வெறும் செம்மண் தண்ணி. ஆக ஒரே ஸ்டேட்டுல அருவி வேணும்னா மழைக்கு வரணும், ஆறு வேணும்னா பனிக்கு வரணும். ரெண்டும் ஓரளவுக்கு வேணும்னா அக்டோபர் கடைசி நவம்பர் முதல்ல போங்க, என் யோசனை அது. வேர்ப்பாலம் மட்டும் எப்ப போனாலும் இருக்கும், ஆனா மழைல படி வழுக்கும். நோங்ரியாட்ல இருக்கற ரெட்டை அடுக்கு பாலத்துக்கு 3,000 படிக்கு மேல இறங்கணும். ரப்பர் ஆலமரத்தோட வேர, பாக்கு மரத்த பொளந்து அதுக்குள்ள விட்டு, அந்தக் கரைக்கு கொண்டு போயி, பல வருசம் காத்திருந்து வளத்த பாலம். நம்ம எடை போட்டா கொஞ்சம்கூட ஆடல. திரும்பி ஏறும்போது என் முட்டிதான் ஆடுச்சு, கூட வந்த பையன் பதினஞ்சு வயசு இருக்கும், முதுகுல மளிகை மூட்டையோட என்னைத் தாண்டி ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டான்.

மாசம் சரியா இருந்தா போதுமான்னா அதுவும் இல்ல, கிழமை இருக்கு. அஜந்தாவுக்கு திங்கக்கிழமை லீவு, எல்லோராவுக்கு செவ்வாய்க்கிழமை லீவு. இது தெரியாம நாங்க திங்கக்கிழமை காலையில அஜந்தா கிளம்பிட்டோம், நல்லவேளை ஆட்டோக்காரரு பஸ் ஸ்டாண்டுலயே நிறுத்தி இன்னிக்கு எல்லோரா போங்க, நாளைக்கு அஜந்தான்னு மாத்தி விட்டாரு. இல்லன்னா நூறு கிலோமீட்டர் போயி கேட்டப் பாத்துட்டு வந்திருப்போம். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை, டெல்லி செங்கோட்டைக்கு திங்கக்கிழமை. இத போன்லயே எழுதி வெச்சுக்கோங்க.

எல்லோரா கைலாசநாதர் கோயில பத்தி ஒண்ணு சொல்லிடறேன். 16ம் நம்பர் குகை, எட்டாம் நூற்றாண்டுல ராஷ்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணர் காலத்து வேலைன்னு சொல்றாங்க. எல்லாரும் நேரா உள்ள போயி யானைச் சிலைகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. பக்கவாட்டுல மலை மேல ஏற ஒரு வழி இருக்கு, ஏறி மேலேர்ந்து எட்டிப் பாருங்க. அப்பத்தான் புரியும், கல்லு கல்லா அடுக்கி கட்டின கோயில் இல்ல, மலைய மேலேர்ந்து கீழ செதுக்கிட்டே வந்திருக்கான். கோபுர உச்சிய முதல்ல முடிச்சுட்டு தரைக்கு கடைசியா வந்திருக்கான். காஞ்சி கைலாசநாதர் கோயில் சாயல் கர்நாடகால இருக்கற பட்டடக்கல் கோயிலுக்கு போயி, அங்கேருந்து இங்க வந்துச்சுன்னு சொல்றாங்க, விமானத்தப் பாத்தா எனக்கும் எங்கயோ பாத்த மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு. நாங்க போனது ஆகஸ்ட், மலையெல்லாம் பச்சை, குகைக்கு மேல திடீர் திடீர்னு அருவி. மே மாசம் அந்தப் பாறையில கைய வெச்சா தோசை சுடலாம்.

தாஜ்மஹால பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, ஒரே ஒரு விஷயம் மட்டும். குளிராத்தான இருக்கும்னு டிசம்பர் கடைசி ஜனவரில போகாதீங்க, அந்தப் பக்கம் மூடுபனில ரயிலெல்லாம் அஞ்சு மணி நேரம் ஆறு மணி நேரம் லேட்டாகும், விடியக்காலையில போயி பெரிய வாசல்ல நின்னா எதிர்ல வெள்ளையா ஒண்ணு இருக்கும், அது தாஜ்மஹால் இல்ல, பனி. நான் பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன், முதல்ல குமிழ் மட்டும் அந்தரத்துல தெரிஞ்சுது. இன்னொண்ணு, பௌர்ணமிக்கு முன்ன பின்ன ரெண்டு நாளும் சேத்து மாசத்துல அஞ்சு ராத்திரி உள்ள விடுவாங்க, ராத்திரிக்கு 400 பேருதான், அம்பது அம்பது பேரா அரை மணி நேரம். வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாசமும் கிடையாது.

நிலான்னு சொன்னதும் கட்ச் பத்தி எழுதாம இருக்க முடியல. குஜராத்துல ரண் ஆஃப் கட்ச், வெள்ளை உப்புப் பாலைவனம். மழைக்காலத்துல அது பூரா தண்ணி தேங்கி நிக்கும், மழை நின்னப்புறம் வத்தி வத்தி உப்பு மேல வரும். முதல் தடவ நவம்பர் ஆரம்பத்துலயே ஓடிட்டேன், உப்பு லேசா ஏடு மாதிரி படிஞ்சிருக்கு, கால வெச்சா கீழ கருப்புச் சேறு, செருப்பு உள்ள போயிருச்சு. ரெண்டாவது தடவ மார்கழி பௌர்ணமிக்கு கணக்கு பண்ணி போனேன். புஜ்லேர்ந்து அந்த உப்புத் தரைக்கு ஓரத்துல இருக்கற தோர்தோ கிராமம் 80 கிலோமீட்டர் சொச்சம், வழில பர்மிட்டு வாங்கணும், பிரண்டியாராங்கற ஊர்ல நிறுத்தி பால்கோவா மாதிரி மாவான்னு ஒண்ணு தருவாங்க, அத விட்டுடாதீங்க. சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சோம். உப்பு கால்ல நறநறன்னு சத்தம் போடுது. கிட்ட குனிஞ்சு பாத்தா தரை பூரா கட்டம் கட்டமா வெடிச்சு, வெடிப்போட ஓரத்துல மட்டும் உப்பு பூத்து கோலப்பொடி இழை மாதிரி நிக்குது. கிள்ளி நாக்குல வெச்சேன், நம்ம கடல் உப்ப விட ஒரு கசப்பு. மேற்க சூரியன் இறங்குது, அதே நேரம் கிழக்க நிலா கெளம்புது, ரெண்டுக்கும் நடுவுல அந்த வெள்ளைத் தரை முதல்ல ஆரஞ்சா, அப்புறம் ரோஸா, அப்புறம் என்ன கலருன்னே சொல்லத் தெரியாத ஒரு நீலமா மாறுது. இருட்டினப்புறம் டார்ச்சே வேண்டியதில்ல, என் கைரேகை தெரியற அளவுக்கு வெளிச்சம். குளிரு மட்டும் பல்ல ஆட்டிருச்சு, ஸ்வெட்டர் இல்லாம போன எனக்கு பக்கத்துல வந்த ஒரு மராத்தி தாத்தா அவரோட சால்வைய குடுத்தாரு.

பூவுக்கும் கணக்கு இருக்கு. உத்தராகண்ட்ல பூக்களின் பள்ளத்தாக்கு, 1931ல ஃபிராங்க் ஸ்மைத்துங்கற மலையேறி வழி தவறி வந்து பாத்தப்புறம்தான் வெளியுலகத்துக்கு பேரு பரவுச்சு, ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் தொறந்திருக்கும், ஆனா பூ வேணும்னா ஜூலை கடைசி ஆகஸ்ட்ல போகணும், அப்ப பாத்து மண்சரிவுல ரோடு அடைச்சுக்கும், ரெண்டு நாள் கூட வெச்சுக்கிட்டுதான் கிளம்பணும். மூணாறு நீலக்குறிஞ்சிக்கு மாசம் கிழமையெல்லாம் பத்தாது, வருசமே பாக்கணும், 2006, 2018, அடுத்து 2030. 2018ல கேரளால வெள்ளம், போட்ட ரூம கேன்சல் பண்ணிட்டு வீட்ல உக்காந்திருந்தேன். இப்பவே 2030க்கு லீவு சொல்லி வெக்கலாம்னு பாத்தா மேனேஜர் சிரிக்கறாரு.

சரி, தங்கச்சி கதைக்கு வரேன். இதையெல்லாம் போன்ல அரை மணி நேரம் கொட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப மே மாசம் வீட்லயே மாவடு போட்டுக்கிட்டு இருக்க சொல்றியா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான், பள்ளிக்கூட லீவு பாத்து ஊரு குளிராது. மே மாசத்துக்கு மேல ஏறித்தான் ஆகணும். லடாக் யோசிச்சேன், ஆனா லே ஊரே 3,500 மீட்டர், ஃபிளைட்ல நேரா போயி இறங்கினா ரெண்டு நாள் ரூம்லயே படுத்து உடம்ப பழக்கணும், சின்னவனுக்கு ஆறு வயசு. அதனால இமாச்சல்ல இருக்கற ஸ்பிட்டி பள்ளத்தாக்க சொன்னேன், அதுவும் மணாலி வழியா இல்ல, அந்தப் பக்கம் குன்சும் கணவாய் மே மாசம் பெரும்பாலும் பனில மூடித்தான் இருக்கும். கால்கா டு சிம்லா பொம்மை ரயில், 1903லேர்ந்து ஓடுது, 96 கிலோமீட்டருக்கு நூத்துக்கு மேல குகை, பசங்க ஒவ்வொண்ணுலயும் கத்திட்டே வருவாங்க. அப்புறம் கின்னோர், கல்பால ரெண்டு நாள் தங்கினா ஜன்னல தொறந்தா கின்னர் கைலாஷ் பனிமலை எதிர்ல நிக்கும். அப்படியே நாக்கோ, தாபோன்னு தங்கித் தங்கி போனா உடம்பும் கொஞ்சம் கொஞ்சமா உயரத்துக்கு பழகிக்கும். தாபோ மடம் 996ல கட்டினது, மண் சுவருதான், உள்ள இருட்டுல ஓவியம் அப்படியே இருக்கு. பத்து நாள்ல ஸ்பிட்டியோட பெரிய ஊரு காஸா வரைக்கும் போயி வந்த வழியே திரும்பிடலாம், அவசரம்னா பாதில திரும்பினாலும் நஷ்டம் இல்ல. ஹம்பி, ஜெய்சல்மேர் ரெண்டையும் அரையாண்டு லீவுக்கு தள்ளியாச்சு. ஜோக் மட்டும் ஆகஸ்ட்ல சனி ஞாயிறு சேத்து நானும் வரேன்னுட்டேன், எனக்கும் அங்க ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு.

மாப்ளைக்கும் ஓகே. ரயில் டிக்கெட்டு முன்னாடி மாதிரி 120 நாள் கிடையாது, 2024 நவம்பர்லேர்ந்து 60 நாள்தான். எண்ணிப் பாத்தா டெல்லி டிக்கெட்டுக்கு நாளைக்கு காலையில 8 மணிக்கு புக்கிங் ஓப்பன் ஆகுது. 7:50க்கு அலாரம் வெச்சிட்டேன். மாப்ள இன்னும் பாஸ்வேர்டு அனுப்பல.