மூன்றாம் பெட்டி பதில் இல்லை

2023 ஜூலையில் ஒரு நாள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒரு ஜோடி ராணுவ பூட்ஸ் கிடந்தது. உள்ளே பாட்டி அழுதுகொண்டே கோழி வறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடக் கட்டாய ராணுவ சேவையை முடித்துக்கொண்டு பேரன் அன்றுதான் வந்திருந்தான். குளித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தவன், சாப்பாட்டுக்கு நடுவில் மூன்று முறை எழுந்து போய் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் அந்த வீட்டில் குடியிருப்பவன். ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் ஒரு சிறிய நிறுவனத்தில், கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை எழுதுவது என் வேலை. 2022இல் ரஷ்யாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கியதில் வாடகை தாறுமாறாக ஏறியிருந்தது. தனி வீடு கட்டுப்படியாகாமல், அரப்கிர் பகுதியில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியையின் வீட்டில் ஓர் அறை பிடித்தேன். ஆர்மேனியர்கள் பாட்டியைத் ‘தாதிக்’ என்பார்கள். அவர் என்னை ‘பாலா ஜான்’ என்று கூப்பிடுவார். என் பெயர் பாலா என்று தவறாக நினைத்துவிட்டார் போலும் என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாலா என்றால் அங்கேயும் பிள்ளைதான்.

பையன் திரும்பிய மூன்றாம் நாள் தாதிக் ஒரு பண்டமாற்றுக்கு ஏற்பாடு செய்தார். நான் அவனுக்குச் சி என்ற நிரல் மொழியைக் கற்றுத் தர வேண்டும். அவன் எனக்கு ஆர்மேனிய எழுத்துகளைக் கற்றுத் தர வேண்டும். பஸ் பலகையைக்கூடப் படிக்கத் தெரியாமல் நான் ஊர் சுற்றியது அவருக்குக் கணக்குத் தவறு போல உறுத்தியிருக்க வேண்டும். இந்தப் பண்டமாற்று ஒன்பது மாதம் நீண்டது.

முதல் மாதம் சொல்லும்படி இல்லை. பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தவன், 2021இல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கையோடு ராணுவத்துக்குப் போனவன். சட்டப்படி இடம் காத்திருந்தது, கணக்கு காத்திருக்கவில்லை. மடக்கை, அதாவது லாகரிதம், என்றால் என்ன என்று கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. ராணுவத்துக்குப் போனால் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று நம் ஊரிலும் பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் பார்த்தவரை, இரண்டு வருடம் என்பது முதலில் இரண்டு வருட இழப்புதான். இரவில் தூக்கம் கிடையாது. மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் உடம்பு விறைத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு பக்கத்தில் கண் நிற்காது.

நின்ற முதல் விஷயம் எண்கள். ஆர்மேனிய எழுத்துகளை 405ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற துறவி உருவாக்கினார். அப்போது எழுத்துகள் 36. அவற்றை ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசையில் எழுதினால், முதல் வரிசை ஒன்று முதல் ஒன்பது வரை, அடுத்தது பத்துகள், அப்புறம் நூறுகள், கடைசி வரிசை ஆயிரங்கள். எழுத்துதான் எண்ணும். பழைய கல்லறைகளிலும் சுவடிகளிலும் ஆண்டுகளை இப்படித்தான் பொறித்திருக்கிறார்கள். பின்னால் வந்து சேர்ந்த எழுத்துகளுக்கு எண் மதிப்பு கிடையாது. சுழியமும் கிடையாது.

பையன் எனக்காக இந்தக் கட்டத்தைப் பால் கணக்கு நோட்டில் போட்டுக் காட்டினான். நான் அந்த நோட்டையே அவனிடம் திருப்பித் தள்ளினேன்: “ஒரு எண்ணைக் கொடுத்தால் எழுத்தாக மாற்றும் நிரல் எழுது.” அன்றிரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தான். சோதனைக்கு அவன் கொடுத்த எண் 2020. வரவேண்டியவை இரண்டே எழுத்துகள்: இரண்டாயிரத்துக்கு ‘சே’, இருபதுக்கு ‘இனி’. அவன் திரையில் நான்கு எழுத்து வந்தது. கட்டத்தில் வைத்துப் பார்த்தால் 3131. சி மொழி வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதை மறந்திருந்தான்; அதனால் ஒவ்வொரு இலக்கமும் ஒரு படி தாண்டி நின்றது, பூஜ்யம்கூட ஒன்றாகிவிட்டது. பிழையை நான் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டு, மூன்று மணிக்கு என் கதவைத் தட்டினான்.

மறுநாள் பதிலுக்கு நான் பழைய தமிழ் எண்களை எழுதிக் காட்டினேன்: ௨௲௨௰. நம்மிடமும் அந்த முறையில் சுழியம் இல்லை. ஆனால் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி வைத்து, முன்னால் எத்தனை என்று எழுதுகிறோம். “உங்களுடையது பெருக்குகிறது, எங்களுடையது கூட்ட மட்டும் செய்கிறது” என்றான். தாதிக் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, “மத்ராஸ்?” என்று கேட்டார். முதல் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் அச்சானது. நான் அரண்மனைக்காரன் தெருவுக்குப் பக்கத்தில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஆர்மேனியன் தெரு என்றும் சொல்லப்படும் அதே தெருவில் 1772இல் கட்டிய தேவாலயத்துக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. இதை அவரிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

எதற்கு 2020 என்று எண் கொடுத்தாய் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். தாதிக் எழுந்து காப்பி வைக்கப் போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 27 முதல் நாகோர்னோ-கராபாக் மலைப்பகுதிக்காக அசர்பைஜானோடு 44 நாள் நடந்த போரில் அவனுடைய பெரியப்பா மகன் இறந்திருக்கிறான். வயது இருபதுகூட ஆகவில்லை. கட்டாய சேவையில் இருந்தவன். வானத்திலிருந்து வந்ததை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்று மட்டும் பையன் சொன்னான். ஜன்னலுக்கு அவன் எழுந்து போனது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த வீட்டில் கணினிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இல் யெரெவானில் தொடங்கிய கணிதப் பொறிகள் ஆய்வு நிறுவனத்தை, அதன் முதல் இயக்குநரான கணித மேதை மெர்கெல்யானின் பெயரால்தான் ஊரார் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அங்கே உருவான சோவியத் கணினிகளுக்கு ஹ்ரஸ்தான், நைரி என்று பெயர். முன்னது ஊருக்குள் ஓடும் ஆறு. பின்னது பண்டைய அசிரியர்கள் இந்த மலைநாட்டைச் சொன்ன பெயர். பையனின் தாத்தா நைரிக்கு நிரல் எழுதியவர். 1988 நிலநடுக்கத்துக்குப் பிறகு அணுமின் நிலையத்தை மூடினார்கள். அப்புறம் சோவியத் உடைந்தது, போர், எல்லை அடைப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாளுக்கு ஓரிரு மணி நேரம்தான் மின்சாரம். குளிருக்குத் தாதிக் அலமாரியை எரித்தார், புத்தகங்களை எரித்தார். நைரியின் கையேட்டை மட்டும் தாத்தா மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாராம். அந்தக் கையேடு இப்போது பையனின் மேசையில் திரைக்கு முட்டுக்கொடுக்கிறது.

அரப்கிர் என்பதே துருக்கியில் இருக்கும் ஓர் ஊரின் பெயர். 1915 இனப்படுகொலையில் தப்பி வந்தவர்கள் விட்டுவந்த ஊரின் பெயரைக் குடியேறிய இடத்துக்கு வைத்தார்கள். பெயரையும் ஒரு புத்தகத்தையும் காப்பாற்றுகிற குடும்பத்தில், பையன் ஏதாவது பெரிதாகச் செய்தாக வேண்டும் என்ற பாரம் இருந்துகொண்டே இருந்தது. அவனுக்கு அதில் எரிச்சலும் இருந்தது. “எல்லாரும் என்னிடம் நாட்டைக் கேட்கிறார்கள், நான் முதலில் மடக்கையைக் கேட்கிறேன்” என்றான் ஒருநாள்.

செப்டம்பரில் பாடம் நின்றது. நாகோர்னோ-கராபாக்கை அசர்பைஜான் கைப்பற்றியதும், அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் சில நாட்களுக்குள் ஆர்மேனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தாதிக்கின் உறவுக்காரக் குடும்பம் ஒன்று எங்கள் கூடத்தில் மூன்று வாரம் தங்கியது. பையன் அவர்களுக்கு அடுப்பு, போர்வை, சிம் அட்டை என்று அலைந்துகொண்டிருந்தான். நான் எழுத்துகளைத் தனியாக எழுதிப் பார்த்தேன்.

வேலை தேடும் படலம் நவம்பரில் தொடங்கியது. இங்கே இளைஞர்களிடம் சேவை முடித்தாயிற்றா என்று கேட்பது சகஜம். எப்போது அழைப்பு வருமோ என்ற பயம் நிறுவனங்களுக்கு. அந்தக் கேள்வியில் அவன் தேறினான். மற்றவற்றில் தோற்றான். முதல் நேர்காணலில் அவன் பதில் சொன்ன விதமே கெடுத்தது. ராணுவத்தில் அவன் தகவல் தொடர்புப் பிரிவு. நான்கு சொல்லில் செய்தி சொல்லிப் பழகியவன். “இதை ஏன் இப்படி எழுதினாய்?” என்றால் “வேகம்” என்பான். அவ்வளவுதான். திமிர் பிடித்தவன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து சமையலறை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் தன் நிரலைத் தாதிக்குக்கு விளக்க வேண்டும். அவர் தலையாட்டும்வரை நிறுத்தக் கூடாது. அவர் லேசில் தலையாட்டுகிறவர் அல்ல. நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவர். ஒரு கட்டத்தில் எனக்கே பாவமாக இருந்தது. முடிந்ததும் அவன் கன்னத்தைத் தட்டி ‘த்சாவத் தானெம்’ என்பார். உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள். நம் ஆச்சிமார் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்களே, கிட்டத்தட்ட அதுவேதான்.

இரண்டாவது இடம் வானூர்திக் கருவிகள் செய்யும் நிறுவனம். அவன் சேவையைக் கேட்டதுமே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நல்ல சம்பளம். மூன்று நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றான். “சம்பளத்தைப் பார், காரணத்தை அப்புறம் பார்க்கலாம்” என்று நான் அறிவுரை சொன்னேன். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது யோசித்தால், நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவன் மனதில் வேறொன்று இருந்தது. அராரத் சமவெளியில் அவன் மாமாவுக்கு ஆப்ரிகாட் பழத் தோட்டம். ஆர்மேனியாவின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் பழம். பூ விரிந்த பிறகு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே பிஞ்சு கருகிவிடும். ஒரே இரவில் ஒரு வருடம் போகும். ராணுவக் காவல் நிலையில் குளிரில் கிடந்த இரண்டு குளிர்காலத்தில் அவன் கற்றது மின்கலம் எப்படிச் சாகும், கம்பி எங்கே அறும் என்பதுதான். அந்த அறிவை இங்கே கொட்டினான். கையளவு பெட்டி, உள்ளே வெப்பநிலை உணரி, செய்தி அனுப்பும் சிறிய வானொலிக் கருவி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று சொல்லும். நான் எழுதியிருந்தால் குளிர்ந்தவுடன் எச்சரிக்கை அனுப்பும்படி எழுதியிருப்பேன். அவன் மௌனத்தையும் எச்சரிக்கையாக வைத்தான். “பதில் வராத காவல் நிலையைத்தான் முதலில் போய்ப் பார்ப்போம், ஆஹ்பெர்” என்றான். ஆஹ்பெர் என்றால் அண்ணன் தம்பி இரண்டும். என் பதினைந்து வருட அனுபவத்துக்கு அந்த வரி கொஞ்சம் வலித்தது.

இந்தப் பெட்டியைத்தான் பிப்ரவரியில் மூன்றாவது நேர்காணலுக்குத் தூக்கிக்கொண்டு போனான். உணரிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். தாதிக்கிடம் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொல்லியிருக்கிறான். பயிற்சியாளனாக, அரை நாள் வேலை. மீதி நேரம் கல்லூரி. சம்பளம் முந்தைய இடத்தில் பாதிகூட இல்லை.

ஏப்ரலில் பூ விரிந்ததும் நான்கு பெட்டிகளைத் தோட்டத்தில் கட்டினோம். ஓர் இரவு தெளிந்த வானம், காற்றில்லை, குளிர் இறங்கும் அறிகுறி. மாமா மரங்களுக்கு இடையே புகை போடத் தயாராக விறகும் வைக்கோலும் குவித்துவைத்திருந்தார். பையன் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ராணுவத்தில் பழகியபடியே, நேரமும் நிகழ்வும் என நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நான் நான்கு மணிக்குத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது விடிந்திருந்தது. அவன் அங்கே இல்லை. நோட்டு திறந்து கிடந்தது. ஒன்பது மாதப் பாடத்தை நம்பி எழுத்துக் கூட்டினேன். 4:50, பூஜ்யம். 5:30, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று. 6:10, மூன்றாம் பெட்டி பதில் இல்லை. அதற்குக் கீழே, வேறு நேரத்தில், அவசரக் கையெழுத்தில் ‘காரணம்’ என்று போட்டு ஒரே ஒரு சொல். மூன்று எழுத்து. கென், வோ, வெவ். சேர்த்துப் படித்தேன்: கோவ்.

தோட்டத்துக் கோடியில் பையன் அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பசுவைத் திட்டிக்கொண்டிருந்தான்.