ஏணி, மெத்தை, மேசை: ஒரு சைக்கிள் சுமை நாட்குறிப்பு

ஜூலை 3, வியாழன்

அக்கா வீடு மாறுகிறாள். பெரிய சாமான்களுக்கு வண்டி பேசியாகிவிட்டது. அதில் ஏறாமல் மிஞ்சியவை: 3 மீட்டர் நீள அலுமினிய ஏணி, ஒற்றைக் கட்டிலின் ஃபோம் மெத்தை, ஒரு மர மேசை. தூரம் 4 கிலோமீட்டர். சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்றேன். "மேசையுமாடா?" என்றாள். மேசையும்தான்.

சைக்கிளில் சுமை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். நான் கேட்பது வேறு: அது ஆடுமா, எவ்வளவு துருத்தும், காற்று பிடிக்குமா? கெட்டியான இரும்புக் கேரியரில் 50 கிலோ சிமென்ட் மூட்டை தாழ்வாகப் படிந்து கிடந்தால், மெதுவாகத் தள்ளிக்கொண்டே ஊரைக் கடந்துவிடலாம். 2 கிலோகூட வராத தெர்மோகோல் பலகை ஒரே காற்றில் ஆளைச் சாலையின் நடுவுக்குக் கொண்டுபோய்விடும்.

ஜூலை 4, வெள்ளி

இன்று சைக்கிளைத் தயார் செய்தேன். பின் சக்கரத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பார்த்தேன், எதுவும் தளரவில்லை. சுமை ஏற்றினால் முதலில் அடிவாங்குவது பின் சக்கரம்தான். பழைய ரோட்ஸ்டர் (கனமான, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்) சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி என்று வைத்தார்களே, அதைச் செய்தவர்கள் பாரம் ஏற்றும் ஆட்களை மனதில் வைத்துச் செய்தார்கள் என்றே நினைக்கிறேன். டயரில் காற்றை அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழே வரை ஏற்றினேன். காற்று குறைந்த டயரோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும்.

கேரியரின் அடியில் 25 கிலோ என்று பொறித்திருக்கிறது. இது கேரியர் தாங்கும் எடை. சைக்கிள் நிலையாக ஓடுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. 20 கிலோ சுமையின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால், முன் சக்கரத்தில் இருக்கிற பாரத்தில் சுமார் 5 முதல் 6 கிலோ குறைந்துபோகும். ஹேண்டில் பஞ்சு மாதிரி லேசாகும். மேட்டில் முன் சக்கரம் தரையை விட்டே கிளம்பப் பார்க்கும். அதனால் எதை ஏற்றினாலும் அச்சுக்கு மேலே அல்லது அதற்கு முன்னால், சீட்டை ஒட்டி ஏற்றுவதுதான் என் வழக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

ஏணி போய்ச் சேர்ந்தது. ஓட்டவில்லை, தள்ளித்தான் போனேன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தள்ளிக்கொண்டு போனால் சைக்கிள் தோற்றுவிட்டது என்று ஒரு எண்ணம் நிறையப் பேரிடம் இருக்கிறது. 1954-இல் பிரெஞ்சுப் படைக்கு எதிரான தியன் பியன் பூ போரில் வியட்நாமியர்கள் மலைப்பாதைகளில் அரிசியும் வெடிமருந்தும் கொண்டுபோக ஆயிரக்கணக்கான சைக்கிள்களைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 200 கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல் ஏற்றினார்கள். யாரும் மேலே உட்கார்ந்து மிதிக்கவில்லை. ஹேண்டிலில் ஒரு மூங்கிலைக் கட்டி வெளியே நீட்டி, அதைப் பிடித்துத் திருப்பினார்கள். சீட் இருந்த இடத்தில் இன்னொரு கம்பை நிறுத்தி, அதைப் பிடித்துத் தள்ளினார்கள். பக்கத்தில் நடக்கிற ஆளுக்குச் சுமை இடிக்காமல் பிடியை வெளியே கொண்டுவந்ததுதான் அதில் உள்ள சூட்சுமம். ஒரு மனிதன் முதுகில் தூக்குவதைப் போலப் பல மடங்கை இரண்டு சக்கரமும் ஒரு கம்பும் சுமந்தன. ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டைகளைச் சைக்கிளில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் படுகிற பாட்டை வித்தை என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. அந்த உழைப்புக்குக் கிடைக்கும் கூலி மிகக் குறைவு.

சரி, ஏணி. நீளவாக்கில் கிடத்தி, படிகள் பக்கவாட்டில் தெரியும்படி ஓரத்தில் நிறுத்தி, சைக்கிளின் வலப்பக்கம், பாரிலும் (சட்டத்தின் மேல் குழாய்) கேரியரிலும் கட்டினேன். நான் இடப்பக்கம் நடந்தேன். முன்பக்கம் ஏணிக்கும் பாருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தேன். அது இல்லாவிட்டால் முன் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்போது ஏணியில் முட்டும். கட்டை கொடுத்த இடைவெளியில் ஓரளவுக்குத் திரும்பியது. நடந்து போக அது போதும்.

வலது பெடல் இரண்டு படிகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு நின்றது. முன்னால் தள்ளும்போது தொந்தரவே இல்லை, ஃப்ரீவீல் சுற்ற பெடல் சும்மா இருக்கும். பின்னால் உருட்டினால் செயின் இழுத்துப் பெடலும் பின்னோக்கிச் சுற்றும், படியில் இடித்து நின்றுவிடும். அதாவது இந்தக் கட்டில் சைக்கிள் பின்வாங்காது. மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது அதுவே எனக்குத் தடைக்கட்டையாக உதவியது. சந்தில் வழி தவறினால் மட்டும் பின் சக்கரத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும்.

பின்னால் நீட்டியிருந்த முனையில் சிவப்புத் துணி. இடப்பக்கம் திரும்பினால் அந்த முனை வலப்பக்கம் வீசும், அங்கே யாராவது வந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் பார்த்து, அப்புறம்தான் திருப்பினேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாலையில் கயிறு வேலை. எலாஸ்டிக் கொக்கிக் கயிறுகளை நான் நம்புவதில்லை. பள்ளத்தில் விழுந்ததும் அவை நீளும், சுமை எகிறும், பிறகு கோணலாக உட்காரும். நீளாத கயிறுதான் பாரத்தைப் பிடிக்க வேண்டும். பழைய டியூபை நீளவாக்கில் கீறி எடுத்த பட்டை வழுக்காமல் இருக்க மட்டும்: கயிற்றுக்கு அடியில், கம்பியில் சுற்றி.

இறுக்குவதற்கு நான் போடும் கட்டு இது. கயிற்றின் ஒரு முனையைக் கேரியரில் முடிச்சிட்டு, சுமைக்கு மேலே கொண்டுவந்து, நடுவில் ஒரு சிறு கண்ணி போட வேண்டும். மீதிக் கயிற்றை எதிர்ப்பக்கக் கேரியர் கம்பிக்கு அடியில் விட்டு, அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கணக்குப்படி இழுப்பதைப் போல மூன்று மடங்கு இறுக்கம். கயிறு கயிற்றில் உரசுவதால் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவுதான், ஆனால் வெறும் கையால் இழுத்துக் கட்டியதோடு ஒப்பிடவே முடியாது. இழுத்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு இரண்டு சுருக்கு போட்டால் முடிந்தது. அவிழ்க்கவும் சுலபம்.

ஜூலை 12, சனி

மெத்தை. எடை ஒன்றுமில்லை, தொல்லை அதிகம். இறுக்கிச் சுருட்டி மூன்று இடத்தில் கட்டினேன். கேரியரில் குறுக்கே போட்டால் இருபுறமும் துருத்திக்கொண்டு சாலையையே அடைக்கும். அதனால் நீளவாக்கில், சீட்டோடு ஒட்டி வைத்தேன். விடியற்காலையில் கிளம்பினேன், காற்று எழுவதற்கு முன்பே.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால், சுமார் 7 கிலோ எடை வந்து தள்ளுகிற மாதிரி இருக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்கு. லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனாலே முதலில் தள்ளும், அடுத்த நொடியே உள்ளே இழுக்கும். மெத்தையோ பலகையோ ஏற்றிக்கொண்டு பெரிய சாலையில் போகாதீர்கள் என்று யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று உள்தெருக்களில் சுற்றிப் போனதால் தூரம் கூடியது. ஒரு மூலையில் மட்டும் காற்று வீசியது, இறங்கித் தள்ளினேன். மற்றபடி மிதித்தே போனேன்.

கண்ணாடி பதித்த கதவு ஒன்றும் இருக்கிறது, அதையும் கொண்டுவர முடியுமா என்று அக்கா கேட்டாள். மறுத்துவிட்டேன். கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும், நிறுத்தினால் அதுவே பாய்மரம். அதற்கு இரண்டு ஆளும் நாலு கையும்தான் சரி.

ஜூலை 15, செவ்வாய்

மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பலகை கேரியரின் மேல், கால்கள் வானத்தைப் பார்த்து. பாரம் பெரும்பாலும் பலகையில்தான் இருக்கிறது; அது கீழே வந்துவிட்டால் சைக்கிள் அமைதியாகிவிடும்.

ஏற்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, டியூப் பட்டையால் முன் பிரேக் லீவரை ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டினேன். முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்காது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் மறுபக்கம் பிடித்துக்கொண்டான். இரண்டு ஓரமும் மாறி மாறி இறுக்கினோம்.

டென்மார்க்கின் லாங் ஜான் சைக்கிளில் சுமைத்தட்டு ஓட்டுபவருக்கு முன்னால், சின்ன முன் சக்கரத்துக்குப் பின்னால், தரையை ஒட்டி இருக்கும். தட்டு சட்டத்தோடு சேர்ந்திருப்பதால் ஹேண்டிலைத் திருப்பும்போது சுமை கூடவே திரும்பாது. ஹேண்டிலில் மாட்டிய கூடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். கூடையில் 10 கிலோ போட்டாலே ஹேண்டில் தன்னிஷ்டத்துக்குச் சாயும். இப்படி ஒரு சைக்கிள் கிடைத்தால் மேசையை உட்கார்ந்தே ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

இன்று தள்ளித்தான் போனேன். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, நடை வேகத்திலேயே இறங்கினேன். மொத்த எடை இரட்டித்தால் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். எடையை என்னால் குறைக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்.

ஜூலை 16, புதன்

பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தில் பிரேக் ரப்பரில் லேசாக உரசுகிறது, சின்ன வளைவு. அந்த இடத்தில் இரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தன. கால் திருப்பு, கால் திருப்பாக இறுக்கி நேராக்கினேன். கேரியர் போல்ட்டுகளில் ஒன்று அரை மரை கழன்றிருந்தது, வாஷர் போட்டு முறுக்கினேன். அடுத்த வாரம் ஒரு நண்பரின் தையல் மிஷின் இருக்கிறது. அதன் பாரமெல்லாம் மேலே தலையில், அடியில் வெறும் கால்கள். தலையைத் தனியாகக் கழற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.